கிளிஞ்சலைப் பேனாவால் கரைக்கலாமா?

கேள்வி: வாலிநோக்கத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன். கிளிஞ்சலில் வினிகர் ஊற்றும்போது நடக்கும் வினைக்கு நிகர அயனிச் சமன்பாடு (வினையில் உண்மையிலேயே பங்கெடுப்பவற்றை மட்டும் காட்டுவது) கேட்டார்கள். எல்லாவற்றையும் அயனிகளாக, அதாவது மின்சுமையுள்ள துகள்களாகப் பிரித்து, இருபுறமும் பொதுவாக இருந்ததை அடித்தேன். மதிப்பெண் கிடைக்கவில்லை. எதைத்தான் பிரிப்பது?

பதில்: அடித்ததில் பிழையில்லை அம்மா, அதற்கு முந்தைய படியில்தான் கோட்டைவிட்டிருக்கிறாய். தண்ணீருக்குள் உண்மையிலேயே தனித்தனியாக அலைகிற அயனிகளை மட்டுமே பிரித்து எழுத வேண்டும்.

உன் ஊர் உப்பளப் பாத்தியில் சோடியமும் குளோரைடும் பிரிந்தேதான் கிடக்கின்றன. தண்ணீர் வற்றிய பிறகே சேர்ந்து உப்பாகின்றன. அந்தத் தண்ணீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசலை விட்டால் தயிர்போல் வெள்ளையாகத் திரளும்.

சில்வர் அயனி (1+) + குளோரைடு அயனி (1−) → சில்வர் குளோரைடு (திண்மம்)

சோடியமும் நைட்ரேட்டும் கரைவலை இழுப்பதை மணலில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களைப் போல. அவைதான் பார்வையாளர் அயனிகள். (கடல்நீரில் சிறிது புரோமைடும் உண்டு, அதுவும் சில்வரோடு படியும். விடைத்தாளில் அதை இழுக்காதே.)

கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அவ்வளவு நாள் கடலில் உருண்டும் கரையாமல் கரை ஒதுங்கியதை நீ ஒரு வரியில் கரைத்துவிட்டாய்! கண்ணாடி டம்ளரில் போட்டு வினிகர் ஊற்றிப் பார்: குமிழ்கள் ஓட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டு கிளம்பும். வினை நடப்பது திண்மத்தின் பரப்பில். ஆகவே அதைப் பிரிக்காதே.

வினிகரில்தான் பலரும் வழுக்குகிறார்கள். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் தண்ணீரில் நன்றாகவே கலக்கும். ஆனால் கலப்பது வேறு, அயனியாவது வேறு. நூறு மூலக்கூறுகளில் ஒன்றுகூட அயனியாகியிருக்காது. எனவே அதையும் முழுதாகவே எழுது.

கால்சியம் கார்பனேட் (திண்மம்) + 2 அசிட்டிக் அமிலம் → கால்சியம் அயனி (2+) + 2 அசிட்டேட் அயனி (1−) + நீர் + கார்பன் டை ஆக்சைடு (வாயு)

அடிக்க ஒன்றுமில்லையே என்று தயங்காதே. இந்த வினையில் பார்வையாளரே கிடையாது. மின்சுமையைக் கூட்டிப் பார்: இரு பக்கமும் 0.

வினிகருக்குப் பதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால் கதை வேறு. அது முழுமையாக அயனியாவதால் பிரித்து எழுதலாம், குளோரைடு பார்வையாளராகிவிடும்.

கால்சியம் கார்பனேட் (திண்மம்) + 2 ஹைட்ரஜன் அயனி (1+) → கால்சியம் அயனி (2+) + நீர் + கார்பன் டை ஆக்சைடு (வாயு)

இங்கே இரு பக்கமும் மின்சுமை 2+. சுழியாகத்தான் வர வேண்டும் என்றில்லை, சமமாக வந்தால் போதும்.