கம்ப்யூட்டர் அக்கா பதில்கள்: கேபினெட் மாற்றினேன், சிஸ்டம் எழுந்திருக்கவில்லை

கேள்வி: அக்கா, குடியாத்தத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாப் படங்களும் வைகாசி முகூர்த்த ஆல்பங்களும் குவிந்து கிடக்கின்றன. டிசைன் வேலை வேகமாக நடக்கட்டும் என்று ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடி வைத்த பெரிய கேபினெட், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மூன்றையும் வாங்கி, சின்ன கேபினெட்டில் இருந்த பழைய மதர்போர்டை நானே கழற்றிப் பொருத்தினேன். பட்டனை அமுக்கினால் ஒரு ஃபேன்கூட அசையவில்லை. போர்டு ஓரத்தில் ஒரு சின்ன லைட் மட்டும் எரிகிறது. பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு, போர்டு போச்சு, புதுசு போடணும் என்கிறார். போடத்தான் வேண்டுமா?

பதில்: பணத்தை உள்ளே வையுங்கள். அந்தச் சின்ன லைட் எரிகிறது என்று எழுதினீர்களே, கடிதத்திலேயே உருப்படியான வரி அதுதான். எஸ்எம்பிஎஸ் ப்ளக்கில் இருக்கும்வரை, சிஸ்டம் ஆஃப் ஆகியிருந்தாலும், 5 வோல்ட் மட்டும் போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பட்டன் எப்போது அமுக்கப்படும் என்று போர்டு காத்திருப்பது அந்தக் கரண்டில்தான். ஆக எஸ்எம்பிஎஸ் அடியோடு சாகவில்லை, பின்னால் இருக்கும் ஸ்விட்சும் ஆனில்தான் இருக்கிறது. (லைட்டே எரியாதவர்கள் முதலில் அந்த ஸ்விட்சைப் பாருங்கள். வட்டம் போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆஃப். இதற்காகவே ஆட்டோ பிடித்துக் காட்பாடிக்கு என் கடைவரை வந்தவர்கள் உண்டு.)

நேற்றுவரை ஓடிய போர்டு, கேபினெட் மாறியதும் ஓடவில்லை என்றால், நான் போர்டைச் சந்தேகப்பட மாட்டேன். உங்கள் கை பட்ட இடங்களைத்தான் சந்தேகப்படுவேன். முதல் சந்தேகம், கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள். பவர் பட்டனுக்கு ஒன்று, ரீசெட்டுக்கு ஒன்று, லைட்டுகளுக்கு இரண்டு மூன்று என்று வரும். பவர் ஒயரும் ரீசெட் ஒயரும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும், எழுத்தோ எறும்பு அளவு. ஒரு பின் தள்ளிச் செருகினாலும் பட்டன் வெறும் அலங்காரம்தான். போர்டோடு வந்த புத்தகத்தில் அந்தப் பின்களின் படம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். புத்தகம் தொலைந்திருந்தால் போர்டின் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் நெட்டில் கிடைக்கும்.

ஒயரில்தான் குற்றமா என்று தெரிந்துகொள்ள ஒரு குறுக்கு வழி உண்டு. அந்த ஒயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, பவர் ஸ்விட்சுக்கான இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டு எடுங்கள். பட்டன் செய்கிற வேலையும் அவ்வளவுதான். அங்கே இருப்பது சின்ன வோல்டேஜ், உங்களுக்கு ஷாக் அடிக்காது. பக்கத்துப் பின்னில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேன் சுற்றிவிட்டதா? சரி, ஒயரைச் சரியான இடத்தில் செருகிவிட்டு ஆல்பத்தை முடிக்கப் போங்கள்.

சுற்றவில்லை என்றால் அடுத்த சந்தேகம் போர்டின் முதுகில். சின்ன கேபினெட்டில் இருந்த போர்டு என்கிறபோது அது பெரும்பாலும் மைக்ரோ ஏடிஎக்ஸ் என்கிற சின்ன அளவாக இருக்கும். பெரிய கேபினெட்டில் பெரிய போர்டுக்கு என்றே, போர்டைத் தாங்கி நிற்கும் சில பித்தளைக் குமிழ்களை முன்கூட்டியே திருகி அனுப்புவார்கள். உங்கள் போர்டில் அந்த இடத்தில் துளையே இருக்காது. குமிழோ அடியில் முட்டிக்கொண்டு நிற்கும். போர்டின் பின்புறம் கையால் தடவினால் முள் முள்ளாகக் குத்தும் சால்டர் முனைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் குமிழ் பட்டால் ஷார்ட். எஸ்எம்பிஎஸ் உடனே தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டு படுத்துவிடும். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுபோவதும் பல நேரம் இந்த வகைதான். போர்டில் எத்தனை துளையோ, குமிழும் அத்தனைதான், அதே இடங்களில்தான் இருக்க வேண்டும். மிச்சத்தைக் கழற்றி டப்பாவில் போடுங்கள்.

இதைச் செய்ய எப்படியும் போர்டை வெளியே எடுக்க வேண்டும். முதலில் ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள், அந்தச் சின்ன லைட் அணைந்த பிறகு கை வையுங்கள். எடுத்ததை எடுத்ததாக ஓர் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, ப்ராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் இவ்வளவோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள். புது கார்டு வேண்டாம். ப்ராசசரில் கிராபிக்ஸ் இல்லாவிட்டால் டிஸ்ப்ளே வராது, கவலைப்படாதீர்கள், நமக்கு இப்போது ஃபேன் சுற்றினால் போதும். அட்டை மேல் ஓடி, கேபினெட்டில் ஓடவில்லை என்றால் ஷார்ட் கேபினெட்டில்தான்.

24 பின் பெரிய கனெக்டரைச் செருகிவிட்டு, ப்ராசசர் பக்கத்தில் இருக்கும் 8 பின் கனெக்டரை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. பெரிய கேபினெட்டில் அந்த ஒயரைப் பின்பக்கமாக மேல் மூலைக்குக் கொண்டுபோக வேண்டும், எட்டாமல் இழுத்துக்கொண்டு நிற்கும். கார்டுக்குப் போகும் 8 பின்னும் அதே சாயலில் இருக்கும், ஆனால் இரண்டிலும் 12 வோல்ட்டும் எர்த்தும் எதிரெதிர்ப் பக்கம். ஒன்றை இன்னொன்றில் திணிக்கக் கூடாது. லேசாகப் போகவில்லை என்றால் அது அந்த இடத்து ஒயர் இல்லை.

இத்தனைக்கும் பிறகு அட்டை மேலும் அசைவில்லை என்றால்தான் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகப் பார்க்க வேண்டும். போர்டிலிருந்து 24 பின்னைக் கழற்றி, பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்தால் அதன் ஃபேன் சுற்ற வேண்டும். லோடு இல்லாதபோது ஃபேனை ஓட்டாத மாடல்களும் உண்டு என்பதால் ஒரு கேபினெட் ஃபேனை மாட்டிவிட்டுப் பாருங்கள். உங்களுடையதில் எல்லா ஒயரும் கறுப்பாக இருந்தால் குத்துமதிப்பாகக் கிளிப்பைச் செருக வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். சுற்றினாலும் முழு லோடைத் தாங்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை, இறந்துவிடவில்லை என்பது மட்டும் தெரியும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்காதீர்கள். ப்ளக்கை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் அடிக்கும்.

போர்டு போச்சு என்று சொன்னவரிடம், வேறு எஸ்எம்பிஎஸ் போட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்க்காமல் சொன்னார் என்றால் அது தீர்ப்பு இல்லை, ஊகம்.

கேள்வி: வணக்கம் அக்கா. ஆற்காட்டிலிருந்து கல்லூரி மாணவன். 8 ஜிபி ராம் ஒன்று கூடுதலாகப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, லைட் எல்லாம் எரிகிறது, மானிட்டரில் ‘நோ சிக்னல்’. சிஸ்டத்துக்குப் பவர் வரவில்லையா?

பதில்: பவர் வருகிறது தம்பி, டிஸ்ப்ளேதான் வரவில்லை. இரண்டும் வேறு வேறு வியாதி. புது ராமை எடுத்துவிட்டுப் பழையது மட்டும் போட்டுப் பாருங்கள். வந்துவிட்டால், புதியதைத் தனியாகப் போடுங்கள். இரண்டு முனையிலும் ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை அமுக்க வேண்டும், பாதி உட்கார்ந்த ராம் பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். டிடிஆர்4 வகை ராமுக்கான ஸ்லாட்டில் டிடிஆர்5 வகை ராம் உட்காராது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அமுக்கி உடைக்காதீர்கள். டிடிஆர்5 சிஸ்டமாக இருந்தால் ராம் மாற்றிய பிறகு முதல்முறை சில நிமிடம் கறுப்புத் திரையாகவே நிற்கும், பொறுங்கள். கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது என்றால் மானிட்டர் கேபிள் கார்டில் இருக்கிறதா, போர்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ராணிப்பேட்டையில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து, வேலை நடக்கும்போது யுபிஎஸ் ‘கீ’ என்று கத்திவிட்டு மொத்தமும் அணைந்துவிடுகிறது. யுபிஎஸ் 600 விஏ.

பதில்: 600 விஏ என்றால் பொதுவாக 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். 170 வாட் இழுக்கும் கார்டு, ப்ராசசர், மானிட்டர் எல்லாம் சேர்ந்து வேலை உச்சத்தில் இருக்கும்போது அந்த எல்லைக்கு வந்துவிடும். நேராகச் சுவர் ப்ளக்கில் மாட்டி அதே வேலையைச் செய்து பாருங்கள். அணையாவிட்டால் யுபிஎஸ்ஸைத்தான் பெரிதாக்க வேண்டும், விஏ எண்ணை விட்டுவிட்டு வாட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சுவரில் மாட்டியும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். மேலே 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டு, அந்தக் கட்டத்தில் 18 ஆம்பியர் என்றிருந்தால் கார்டுக்கும் ப்ராசசருக்கும் சேர்த்துக் கிடைப்பது 216 வாட்தான். லேசர் பிரிண்டரையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். எஸ்எம்பிஎஸ் மட்டும் வேறு கம்பெனியுடையது வாங்கினேன். ஒயர்களை எல்லாம் உருவி மாட்டச் சோம்பல், பழைய ஒயர்களை அப்படியே புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினேன், கச்சிதமாகப் பொருந்தியது. ஆன் செய்ததும் கருகிய வாடை. ஒயரை மாற்றிய பிறகு சிஸ்டம் வருகிறது, ஹார்ட் டிஸ்க் மட்டும் தெரியவில்லை. பல வருட பார்டர், புட்டா டிசைன்கள் அதில்தான் இருக்கின்றன.

பதில்: அந்த டிஸ்க்குக்கு இனி ஒருமுறைகூடப் பவர் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கழற்றி மாட்டும் ஒயர்கள் டிஸ்க் பக்கம் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கம் அப்படி இல்லை. ஓட்டை ஒரே வடிவம், எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பது அவரவர் இஷ்டம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போயிருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட இது மாறுவதுண்டு.

நல்ல சேதியும் இருக்கிறது. டிஸ்க்கின் அடியில் பச்சை போர்டு இருக்கிறதே, அதில் பவர் கனெக்டர் பக்கமாக டிவிஎஸ் டையோடு என்று மிளகளவுக் கறுப்புப் பொருள் ஒன்றிரண்டு இருக்கும். அதிக வோல்டேஜ் வந்தால் தான் எரிந்து மற்றதைக் காப்பாற்றுவது அதன் வேலை. வாடை அதிலிருந்து மட்டும் வந்திருந்தால் உள்ளே தட்டில் உங்கள் டிசைன்கள் பத்திரமாக இருக்க வாய்ப்பு உண்டு. சென்னையில் டேட்டா ரெக்கவரி செய்யும் லேப்களுக்கு எடுத்துப் போங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், வேலை சுலபமாகும்.

அதே மாடல் டிஸ்க் வாங்கி அதன் பச்சை போர்டை இதில் மாட்டினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். இப்போதைய டிஸ்க்குகளில் அது பெரும்பாலும் நடக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அந்தப் போர்டில் உள்ள சின்ன சிப்பில் இருக்கும், அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். எரிந்த போர்டையும் தூக்கி எறியாமல் டிஸ்க்கோடு சேர்த்தே கொடுங்கள்.