சுகதேகியான பிள்ளைக்குத் திரும்பத் திரும்பக் கட்டு வருவதேன்?

கேள்வி: எனது மகனுக்குப் பத்தொன்பது வயது. இதுவரை பெரிய வருத்தம் எதுவும் வந்ததில்லை. பின்னேரங்களில் ஊர்க் கழகத்தில் கரப்பந்தாட்டம் விளையாடுகிறான். இரண்டு மாதங்களுக்கு முன் தொடையில் ஒரு கட்டு வந்தது. பூச்சி கடித்திருக்கும் என்று எண்ணி, பாமசியில் குளோக்சசிலின் குளிசை வாங்கிக் கொடுத்தோம், பலனில்லை. அது தானாக உடைந்து ஆறிய பின் அக்குளில் இன்னொன்று வந்தது. இப்போது தங்கைக்கும் வந்திருக்கிறது. மாம்பழம் சாப்பிட்ட சூடு என்கிறார் மாமியார். பிள்ளையின் இரத்தத்தில் ஏதும் பழுதா?
– ஒரு தாய், முள்ளியவளை

பதில்: அம்மா, இது மாம்பழத்தால் வந்ததல்ல, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரத்தத்தில் பழுது இருப்பதாகவும் தோன்றவில்லை. திரும்பத் திரும்பக் கட்டு வரும்போது நீரிழிவு உண்டா என்று ஒருமுறை இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்ப்பது நல்லது, அவ்வளவுதான். நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்து, தொட்டால் சுடும் கட்டைப் பூச்சிக்கடி என்று எண்ணுவது உலகெங்கும் நடக்கும் தவறு.

இத்தகைய கட்டுகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பற்றீரியா. ஏறத்தாழ மூவரில் ஒருவரின் மூக்கில் அது எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. தோலில் ஒரு கீறல் கிடைத்தால் உள்ளே இறங்கிவிடும். பெனிசிலின் குடும்ப மருந்துகள், இப்பற்றீரியா தன் சுவரைக் கட்டுவதற்குப் பயன்படுத்தும் புரதத்தைப் பற்றிப்பிடித்து, சுவர் எழும்பாமல் செய்து அதைக் கொல்கின்றன; ஆனால் இதன் ஒரு வகை, அம்மருந்துகள் பற்றிப்பிடிக்க முடியாத வேறொரு புரதத்தைக் கொண்டு சுவரைக் கட்டுகிறது. பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த மெதிசிலின் என்ற மருந்து 1959 இல் பாவனைக்கு வந்து, 1961 இலேயே அதற்கு மசியாத ஸ்டபிலோகொக்கஸ் இங்கிலாந்தில் பதிவாகிவிட்டது. அந்த வகைக்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த குளோக்சசிலினும் அமொக்சிசிலினும் பயன்படா.

நெடுங்காலம் இது வைத்தியசாலையில் நாட்கணக்கில் கிடப்போரின் தொற்று என்றே கருதப்பட்டது. 1997 முதல் 1999 வரையான காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டா, வட டகோட்டா மாநிலங்களில், அதுவரை நலமாயிருந்த நான்கு பிள்ளைகள் இத்தொற்றால் இறந்தபோதுதான், வைத்தியசாலைப் பக்கமே போகாதவர்களையும் இது பிடிக்கும் என்பது பரவலாக உணரப்பட்டது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை; தோலில் வரும் கட்டுகளில் மிகப் பெரும்பாலானவை உரிய சிகிச்சையால் ஆறிவிடும். மகனுக்கு வந்திருப்பது இந்த வகைதானா என்பதைச் சீழைப் பரிசோதித்தே சொல்லலாம்.

சீழ் கோத்த கட்டுக்கு முதல் மருந்து குளிசையல்ல, அதை வெட்டிச் சீழை வெளியேற்றுவதே. சீழ் தேங்கிய குழிக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. ஆகவே அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு இரு பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். வெட்டும்போது எடுக்கும் சீழில் எந்த மருந்து வேலை செய்யும் என்று பரிசோதிக்க முடியுமா எனக் கேளுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் செல்லும். வீட்டில் நசுக்கவோ ஊசியால் குத்தவோ வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு மணிக்கு மணி பரவினாலோ, கட்டு மூக்கையோ மேலுதட்டையோ அண்டி வந்தாலோ அன்றைக்கே போகவேண்டும்.

தங்கைக்கு எப்படி வந்தது என்பதற்கு உங்கள் கொடியில் காயும் துவாயைப் பாருங்கள். ஆளுக்கொரு துவாய், ஆளுக்கொரு சவர அலகு என்பது கண்டிப்பாக இருக்கட்டும். விளையாட்டு முடிந்ததும் ஒரே துவாயால் ஆறு பேர் வியர்வை துடைப்பதை நானே பல மைதானங்களில் கண்டிருக்கிறேன். அதை மகன் தன் தோழர்களுக்கும் சொல்லவேண்டும். விளையாடியவுடன் சவர்க்காரம் போட்டுக் குளிக்கட்டும். காயத்தை மூடிக் கட்டுங்கள், மருந்து கட்டியபின் கையைக் கழுவுங்கள், படுக்கை விரிப்பைத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். காயத்தை முழுதாக மூடிக் கட்டியிருந்தால் தங்கை பாடசாலைக்குப் போகலாம். மகன் மட்டும் ஆறும்வரை விளையாட்டைத் தவிர்க்கட்டும்.

கேள்வி: கட்டு ஆறியதும் மிஞ்சும் குளிசைகளை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், பூவரசங்குளம்

பதில்: கூடாது. குறைந்த அளவில் மருந்தெடுத்தால் பற்றீரியா சாகாமல் அதற்குப் பழகிவிடும் என்று, பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 இல் தமது நோபல் உரையிலேயே எச்சரித்தார். வைத்தியர் சொன்ன நாட்களுக்கு முழுமையாக எடுங்கள். மருந்துச் சீட்டில்லாமல் ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்தால், அந்தக் குளிசை அட்டையை எறியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். எந்த மருந்து பலிக்கவில்லை என்பதை அவர் உடனே அறிந்துகொள்வார்.