ஸ்கேன் நார்மல், தூக்கம்தான் இல்லை
பைக்கிலிருந்து விழுந்து 6 வாரம், சி.டி. ஸ்கேன் நார்மல், ஆனாலும் தலைவலி, மறதி, ராத்திரி தூக்கமில்லை என்கிறீர்கள். சி.டி.யில் ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் தெரியும். கன்கஷன் எனும் லேசான மூளை அதிர்வு பெரும்பாலும் தெரியாது. "ரிப்போர்ட்தான் சரியா இருக்கே" என்று வீட்டில் சொன்னால் இதைச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு 3 மாதத்துக்குள் சரியாகிவிடும். தூக்கம் கெட்டால் குணமாவது இழுக்கலாம்.

மாடிப்படியில் வழுக்கி விழுந்து எனக்கும் இதே கதை. மதியம் 3 மணி நேரம் தூங்கிவிட்டு, நள்ளிரவில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். மதியத் தூக்கத்தை அரைமணியாக்கி, தூங்கினாலும் தூங்காவிட்டாலும் காலை 6 மணிக்கு எழுந்து, சாயங்காலக் காபியை (அதுதான் கஷ்டம்!) விட்ட பிறகுதான் தலைவலி தணிந்தது. தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்; நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.