முன்பணம் கட்டுமுன் ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

சென்ற சனிக்கிழமை நீங்களும் உங்கள் துணைவியாரும் மகளை அழைத்துக்கொண்டு அம்பத்தூரிலிருந்து என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தபோது, பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு முடிந்த களைப்பு அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது; உங்கள் முகத்தில் அதைவிடப் பெரிய கவலை இருந்தது. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் இடம் தருகிறார்கள், பொங்கலுக்கு முன் ஒரு லட்சம் முன்பணம் கட்டிவிட வேண்டும், நான்கு ஆண்டுகளுக்குமாகச் சேர்த்துப் பதினெட்டு லட்சம் ஆகும், பெரியப்பா நேரில் போய்ப் பேசி முடித்துவிட்டார் என்று சொன்னீர்கள். மகளோ ஜப்பானிய மொழியையும் அந்த நாட்டின் வெளியுறவுக் கொள்கையையும் படிக்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டாள். அன்று உங்களைப் பதற்றப்படுத்த வேண்டாம் என்று "பார்க்கலாம்" என்றேன். அது போதாது என்று வீடு திரும்பியதும் தோன்றியது. அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

கணினி அறிவியல் நல்ல படிப்பு. அதை விரும்பிப் படிக்கிற பிள்ளைக்கு நானே வழிகாட்டுவேன். ஆனால் நீங்கள் நடத்தும் பட்டறையை அடமானம் வைத்து, விருப்பமில்லாத பிள்ளையை, கலந்தாய்வில் கிடைக்காத இடத்தில் பணம் கொடுத்து உட்காரவைப்பதற்குப் படிப்பு என்று பெயர் சொல்ல முடியாது. பதினெட்டு லட்சத்தையும் அதன் வட்டியையும் திருப்பிச் செலுத்தப் போகிறவர் நீங்கள்தான், பெரியப்பா இல்லை. உங்கள் மகள் தன் குறிப்பேட்டை என்னிடம் காட்டியபோது, "இது செய்தித்தாள் படிக்கிற பழக்கம், படிப்பு ஆகுமா" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு முறையாகப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

அந்தக் குறிப்பேட்டில் அவள் எழுதியிருந்த கேள்வி இது: போரைத் துறப்பதாக 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் ஒன்பதாம் பிரிவிலேயே எழுதிவைத்த நாடு, 2022 டிசம்பரில் ஐந்து ஆண்டுகளுக்கு 43 லட்சம் கோடி யென் பாதுகாப்புச் செலவைத் திட்டமிட்டது ஏன்? பதினேழு வயதில் இதைக் கேட்கிற பிள்ளைக்கு ஒரு துறை ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது. அந்தத் துறையில் இப்போது எவ்வளவு நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானின் வெளியுறவை அமெரிக்கப் பாதுகாப்பு, வணிகம், கடனுதவி என்ற மூன்று சொற்களில் சொல்லிவிட முடிந்தது. ஜப்பான் இராணுவ வல்லரசு ஆகாது என்று 1977-இல் மணிலாவில் பிரதமர் ஃபுகுதா தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கு வாக்குக் கொடுத்தார். அந்தச் சித்திரம் இன்று செல்லாது. 2010 செப்டம்பரில், சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகள் அருகே சீன மீன்பிடிக் கப்பல் ஒன்று ஜப்பானியக் கடலோரக் காவல் படகுகளோடு மோதிய பிறகு, சீனாவிலிருந்து அரிய மண் தனிமங்கள் வருவது தடைப்பட்டது. மின்மோட்டாருக்கும் காந்தத்துக்கும் அவை இன்றியமையாதவை. பட்டறை நடத்துகிற உங்களுக்கு, ஒரே ஒருவரிடமிருந்து மூலப்பொருள் வாங்குவதன் ஆபத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே ஜப்பான் அதே தனிமங்களை எடுக்கும் ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துக் கைகொடுத்தது. சுமார் 90 விழுக்காடாக இருந்த சீனச் சார்பு பின்னர் 60 விழுக்காட்டின் அருகே இறங்கியது.

அமெரிக்காவின் பக்கமும் உறுதி குறைந்தது. பசிபிக் வணிக உடன்பாட்டிலிருந்து 2017-இல் அமெரிக்கா வெளியேறியபோது, மீதமிருந்த பதினொரு நாடுகளையும் சேர்த்துப் பிடித்து, 2018 மார்ச்சில் சாந்தியாகோவில் கையெழுத்திட வைத்ததில் முன்னின்றது ஜப்பான். அதன்பின் ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாக முடிச்சுப் போடத் தொடங்கியது. ஒரு நாட்டின் மண்ணில் மற்ற நாட்டின் படை வந்து பயிற்சி செய்ய வழிசெய்யும் உடன்பாடு ஆஸ்திரேலியாவோடு, பிரிட்டனோடு, பிலிப்பைன்ஸோடு கையெழுத்தானது. பிலிப்பைன்ஸ் உடன்பாடு 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நட்பு நாடுகளின் படைகளுக்கே கருவிகள் தரும் புதிய உதவித் திட்டம் 2023-இல் பிறந்தது. பிரிட்டன், இத்தாலியோடு சேர்ந்து போர் விமானம் உருவாக்கும் திட்டமும் நடக்கிறது. ஃபுகுதாவின் மணிலாவுக்கும் இன்றைய மணிலாவுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதே ஒரு முழுப் பட்டப்படிப்புக்கான பொருள்.

இந்தியா இதில் ஓரத்தில் நிற்கவில்லை. 2007 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றத்தில் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே ஆற்றிய உரைக்கு "இரு கடல்களின் சங்கமம்" என்று தலைப்பு. முகலாய இளவரசர் தாரா ஷிகோவின் நூல் தலைப்பிலிருந்து எடுத்த சொல் அது. அணுகுண்டுச் சோதனைக்காக 1998-இல் நமக்குப் புதிய கடனை நிறுத்திய நாடு, ஹிரோஷிமாவின் நினைவு உள்ளூர எதிர்த்தபோதும், 2016-இல் நம்மோடு அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டது. 2025 ஆகஸ்டில் தோக்கியோவில் வெளியான இந்திய-ஜப்பானியக் கூட்டறிக்கை பத்து ஆண்டுகளில் பத்து லட்சம் கோடி யென் தனியார் முதலீட்டை இலக்காக வைத்தது. சென்னையை அடுத்த பேரூரில் எழும்பிவரும் நாள்தோறும் 40 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கும், நம் மெட்ரோவுக்கும் ஜப்பானியக் கடன் வந்திருக்கிறது. இலங்கையில் ஜப்பானின் யசூஷி அகாஷி சமாதானத் தூதராக வந்துபோன ஆண்டுகளை ஈழத்து உறவினர் உள்ள எந்தக் குடும்பமும் மறந்திருக்காது. 2023-இல் இலங்கைக்குக் கடன் கொடுத்தவர்களின் குழுவுக்கு இந்தியா, பிரான்ஸோடு சேர்ந்து ஜப்பானே தலைமை ஏற்றது.

இத்தனையையும் ஆங்கிலத்தில் படித்துவிட முடியாதா என்பீர்கள். முடியும், ஆனால் பாதிதான் கிடைக்கும். 2013-இல் ஜப்பான் அறிவித்த கோட்பாட்டுக்கு ஜப்பானிய மொழியில் "செக்யோகுதெகி ஹெய்வாஷுகி", அதாவது முனைப்பான அமைதிவாதம் என்று பெயர். அதே அரசு ஆங்கிலத்தில் அதை "அமைதிக்கு முனைந்து பங்களித்தல்" என்று மொழிபெயர்த்தது. உள்நாட்டு வாக்காளரிடம் அமைதிவாதம் என்ற பழைய சொல்லை விடாமல் வைத்துக்கொண்டு, வெளியாரிடம் பங்களிப்பு என்று பேசியிருக்கிறார்கள். சுதந்திரமான, திறந்த இந்தோ-பசிபிக் என்ற தங்கள் கொள்கையை முதலில் "சென்ர்யாகு", வியூகம் என்றார்கள்; தென்கிழக்கு ஆசிய நாடுகள் சங்கடப்படுவதைக் கண்டு 2018 வாக்கில் "கோசோ", தொலைநோக்கு என்று மாற்றிக்கொண்டார்கள். எதிரித் தளத்தைத் தாக்கும் திறன் என்று நெடுநாள் விவாதித்ததை 2022-இல் எதிர்த்தாக்குதல் திறன் என்று பெயர் மாற்றினார்கள். ஒரு நாட்டின் மனம் எங்கே தயங்குகிறது, எங்கே துணிகிறது என்பது இப்படிச் சொல் மாறுகிற இடங்களில்தான் தெரிகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. அந்தக் குறையைத்தான் நான் வாய்ப்பு என்கிறேன்.

வழி இதுதான். சிவில் சர்வீஸ், சட்டம் போன்றவற்றைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் சொல்லப்போவதில்லை. தில்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியில் இளங்கலை ஆனர்ஸ் இருக்கிறது. சாந்திநிகேதனின் விஸ்வபாரதியிலும் ஜப்பானியம் பட்டப்படிப்பாக உண்டு. இரண்டும் மத்தியப் பல்கலைக்கழகங்கள். சேர்க்கைக்கான கியூட் பொது நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். விண்ணப்பம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும், ஆகவே மகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கல்விக் கட்டணம் மிகச் சிறியது. விடுதி, உணவு, ரயில் ஆகியவையே உண்மையான செலவு. இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த ஐந்தாண்டுச் செலவையும் கணக்கிட்டுப் பாருங்கள், நிர்வாக ஒதுக்கீட்டின் ஒரே ஓர் ஆண்டுக் கட்டணத்தைத் தாண்டுகிறதா என்று.

அங்கே சேர்ந்த பிறகு பலருக்குத் தெரியாத ஒரு கதவு திறக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகப் படிக்கும் இளங்கலை மாணவர்களை ஜப்பானியக் கல்வி அமைச்சகம் ஓராண்டு தங்கள் நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் படிக்கவைக்கிறது. கட்டணம் இல்லை, விமானப் பயணச்சீட்டு உண்டு, மாதம் சுமார் 1,17,000 யென் உதவித்தொகையும் உண்டு. பிளஸ் டூ முடித்தவர்களுக்கே அதே அமைச்சகத்தின் இளங்கலை உதவித்தொகை ஒன்று இருக்கிறது: ஓராண்டு மொழிப் பயிற்சி, பிறகு நான்கு ஆண்டுப் படிப்பு. சமூக அறிவியல் பிரிவுக்கு ஆங்கிலம், ஜப்பானியம், கணிதம் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வு நடக்கும். விண்ணப்பத்தை வழக்கமாக மே, ஜூன் வாக்கில் தூதரகங்கள் பெறுகின்றன. சென்னையிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. இடங்கள் மிகச் சில. எனவே அதை எழுதிப் பார்க்கட்டும், ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது. இளங்கலைக்குப் பின், தில்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசிய ஆய்வுத் துறையிலோ, நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளியிலோ முதுகலை. அதன்பின் ஆய்வு மாணவர் உதவித்தொகையோடு ஜப்பான். இந்த வரிசையில் ஓரிடத்தில்கூட நீங்கள் கடன் வாங்க வேண்டியிராது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுகளில் 50,000 திறன்மிக்க இந்தியர்கள் ஜப்பானுக்கு என்று அதே 2025 கூட்டறிக்கையில் ஓர் எண் வந்தது. அதைக் காட்டி, லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு அங்குள்ள மொழிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறோம், பகுதிநேர வேலை செய்தே கட்டிவிடலாம் என்று ஏஜென்டுகள் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். மாணவருக்கு அங்கே அனுமதிக்கப்பட்ட வேலை வாரம் 28 மணி நேரம்தான். அந்தச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் இங்கு வாங்கிய கடனும் அடையாது. படிப்புக்கான நேரமும் போய்விடும். ஜப்பானை விரும்புகிற பிள்ளை என்பதற்காக இந்த வழிக்குச் சம்மதிக்காதீர்கள். பெரியப்பாவின் கல்லூரிக்கு நான் எவ்வளவு எதிரோ, இதற்கும் அவ்வளவு எதிர்.

இது எளிய படிப்பு என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வகுத்த, சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளே 2,136. அரசு அறிக்கையைத் தடுமாறாமல் படிக்கும் நிலைக்கு வர நான்கைந்து ஆண்டு உழைப்பு வேண்டும். ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் ஐந்து நிலைகளில் (என்5 தொடக்கம், என்1 உச்சம்) என்2 தகுதி பெறும் வரை நல்ல சம்பளத்தை எதிர்பார்க்க வேண்டாம். வகுப்புத் தோழர்கள் இருபத்திரண்டு வயதில் வேலைக்குப் போகும்போது உங்கள் மகள் இன்னும் படித்துக்கொண்டிருப்பாள். அப்போது உறவினர் கேட்கும் கேள்விக்கு வீட்டில் நீங்கள்தான் துணை நிற்க வேண்டும். மொழியோடு வெளியுறவும் தெரிந்தவருக்கு ஜப்பானிய வளர்ச்சி உதவி, வணிக முகமைகளின் இந்திய அலுவலகங்கள், ஆய்வு நிறுவனங்கள், தூதரகப் பணிகள், ஜப்பானிய நிறுவனங்களின் கொள்கைப் பிரிவுகள் என்று இடங்கள் இருக்கின்றன. அவை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் போட்டியிடுவோர் அதைவிடக் குறைவு.

இந்த மாதமே செய்ய வேண்டியவை சில. பொங்கலுக்கு முன் பெரியப்பாவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். மகளை அனுப்ப வேண்டாம். டிசம்பரில் அவள் எழுதிய என்5 தேர்வின் முடிவு ஜனவரி இறுதியில் வரும். அது எப்படி வந்தாலும் ஜூலைத் தேர்வில் என்4 எழுதப் பதிவு செய்யட்டும். கியூட் அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பியுங்கள். கணிதப் பொதுத்தேர்வைச் சிறிதும் விடாமல் படிக்கச் சொல்லுங்கள், உதவித்தொகைத் தேர்வு அதைக் கேட்கிறது. அடுத்த சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மகளும் நீங்களும் வாருங்கள். அந்தக் குறிப்பேட்டைக் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள், ஒன்பதாம் பிரிவைப் பற்றிய அவளுடைய கேள்வியை முதலில் பேசிவிட்டுப் பிறகு படிவங்களைப் பார்ப்போம்.