பங்குச் சந்தை: கெட்டித்தனமா, அதிர்ஷ்டமா? திருகோணமலை வாசகர் கேள்விகள்

2021இல் மூன்று லட்சத்துக்குப் பங்கு வாங்கி நாலரை லட்சமாக்கினேன். வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாமா? (உப்புவெளி)

விடாதீர்கள். உங்கள் இலாபம் 50 வீதம். அதே ஆண்டில் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் (அங்குள்ள எல்லாப் பங்குகளின் விலைப் போக்கையும் சேர்த்துக் காட்டும் எண்) ஏறத்தாழ 80 வீதம் உயர்ந்தது. எல்லாக் கம்பனியிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர்கூட உங்களை முந்தியிருப்பார். சூடை மீன் ஏறிய நாளில் கரைவலை இழுத்த எல்லாருக்கும் மீன் படும். அன்றைய மீனை வைத்து நிலாவெளிக் கரையில் எவரும் ஒரு சம்மாட்டியை, அதாவது வலைச் சொந்தக்காரரை, மெச்சுவதில்லை. சந்தையில் மீன் படாத காலம் 2022இல் வந்தது. சுட்டெண் 30 வீதம் அளவில் விழுந்தது. அந்த ஆண்டு உங்கள் கணக்கு என்னவாயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

பங்கு விலை நாளை ஏறுமா இறங்குமா என்று வட்ஸ்அப்பில் ஒருவர் எனக்கு அனுப்பியது ஆறு நாளும் அப்படியே பலித்தது. காசு கட்டிச் சேரலாமா? (அன்புவழிபுரம்)

அவர் 640 பேருக்கு அனுப்பியிருந்தால்? பாதிப் பேருக்கு 'ஏறும்', பாதிப் பேருக்கு 'இறங்கும்'. யாருக்கு அனுப்பியது பிழையாகிப் போனதோ அவர்களை விட்டுவிட்டு மிச்சப் பேருக்கு மறுநாளும் அப்படியே. ஆறாம் நாள் பத்துப் பேருக்கு அவர் ஞானி. தன் பழைய கொள்வனவு விற்பனவுப் பத்திரங்களை, நட்டம் வந்தவையும் சேர்த்து, காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அடிக்கடி வாங்கி விற்றால் சின்ன இலாபங்கள் சேருமே? (சாம்பல்தீவு)

வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது 1.12 வீதம் கட்டணம். மாதம் இருமுறை முழு முதலையும் சுழற்றினால் வருடத்தில் முதலின் ஏறத்தாழ பாதி அந்தக் கட்டணத்துக்கே போகும். அமெரிக்காவில் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்கை ஆராய்ந்தார்கள்: மிக அதிகம் வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 வீத இலாபம், சந்தைக்கோ 17.9.

அப்படியென்றால் திறமை என்பதே இல்லையா? (மூதூர்)

இருக்கிறது, ஆனால் மெதுவாகத்தான் தெரியும். வாங்கும் முன்பே காரணத்தைத் தேதியோடு கொப்பியில் எழுதுங்கள். கம்பனியின் காலாண்டு அறிக்கை வந்ததும் கொப்பியைத் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதியது நடக்காமலே விலை ஏறியிருந்தால், அந்த இலாபத்தைத் திறமைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தாலிக்கொடியை அடைவு வைத்துவிட்டோம். அந்தக் காசில், நூறு மடங்கு கடனோடு நாணய வர்த்தகம் செய்ய நினைக்கிறோம். (திருகோணமலை நகர்)

நூறு மடங்கென்றால், ஒரு லட்சத்தை வைத்து ஒரு கோடிக்கு வாங்குகிறீர்கள். விலை ஒரு வீதம் எதிர்ப்பக்கம் அசைந்தாலே முழுக் காசும் போய்விடும். அங்கே திறமை வேலை செய்ய நேரமே இல்லை. தயவுசெய்து அதில் காசு கட்டாதீர்கள். அடைவுக் காசு கையில் இருக்கும்போதே போய்க் கொடியை மீட்டுக்கொண்டு வாருங்கள்.