திரும்பி வரும் கம்பியையும் கணக்கில் சேருங்கள்

கேள்வி: கலிபோர்னியாவில் கேமரா, நெட்வொர்க் கேபிள் வேலை பார்க்கிறேன். சி-7 கான்ட்ராக்டர் லைசென்ஸ் தேர்வுக்கு எதை முக்கியமாகப் படிப்பது?

பதில்: கை பழகிய வேலைதானே என்று சட்டம், வணிகம் தாளைத் தள்ளிப்போடாதீர்கள். அது தனித் தேர்வு. சி-7 என்பது 91 வோல்ட்டுக்கு மேற்படாத அமைப்புகளுக்கு. தீ அலாரம் இதில் சேராது.

அப்புறம் மின்னழுத்த இழப்பு, அதாவது கம்பி வழியே போகும்போது குறையும் வோல்ட். என்னிடம் படிக்க வரும் பையன்கள் சறுக்குவது இங்கேதான். 100 அடி தள்ளி ஒரு 12 வோல்ட் கேமரா, அரை ஆம்பியர் இழுக்கிறது. 18 கேஜ் (தடிமன் அளவு) செம்புக் கம்பிக்கு, சாதாரண அறை வெப்பத்தில், 1000 அடிக்குச் சுமார் 6.4 ஓம் மின்தடை. போக, வர 200 அடி, அதனால் 1.28 ஓம், அதை அரை ஆம்பியரால் பெருக்கினால் இழப்பு 0.64 வோல்ட். புத்தகத்தைத் திறக்காமலே இந்தக் கணக்கு வர வேண்டும். தேர்வறையில் புத்தகத்துக்கு அனுமதி இல்லை.