பலகை படியவில்லை என்று கப்பலைக் கைவிடலாமா?

கேள்வி: நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. 1783-ல் எங்கள் ஊர்க் கடலில் நடந்த போரை வகுப்பில் சொல்லப்போய், அந்தக் காலத்து 74 பீரங்கிக் கப்பல் ஒன்றின் சிறு மாதிரியை மரத்தில் செய்யும் ஆசை வந்தது. அதற்கான பாகங்கள் அடங்கிய கிட் வாங்கிச் சட்டங்களைப் பொருத்திவிட்டேன். ஆனால் பலகைக் கீற்றுகள் முன்பக்கம் படியவே மாட்டேன் என்கின்றன. மூன்று உடைந்துவிட்டன. ஒட்டியவற்றுக்கு நடுவிலும் இடைவெளி. "இது ஆசாரி வேலை, உனக்கு எதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். விட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, கடலூர்

பதில்: அன்புச் சகோதரி,

விட்டுவிட வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கெட்டுப்போனது எதுவும் இல்லை, உங்கள் கையிலும் குறை இல்லை. பலகை ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் விடுபட்டிருக்கின்றன. கிட்டோடு வரும் விளக்கத்தாள்கள் பெரும்பாலும் இவற்றை ஒரு வரியில் கடந்துவிடும். கப்பலின் உடல் அழகாக அமைவதும் அமையாததும் இங்கேதான் முடிவாகிறது.

முதலாவது, குறுக்குச் சட்டங்களின் விளிம்பைச் சாய்ப்பது. வெட்டி வரும்போது அந்த விளிம்பு செங்குத்தாக இருக்கும். கப்பலின் நடுப்பகுதிக்கு அது போதும். அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை, நோக்கி உடல் ஒடுங்கும் இடத்தில் கீற்று சட்டத்தின் ஒரு முனையை மட்டும் தொடும், பசைக்குப் பிடிமானம் கிடைக்காது. நீண்ட மரத்துண்டு ஒன்றில் 120-ஆம் எண் உப்புத்தாளை ஒட்டி, இரண்டு மூன்று சட்டங்களின்மேல் ஒருசேர ஓடும்படி மெல்லத் தேயுங்கள். அவ்வப்போது ஒரு கீற்றைப் பசையில்லாமல் மேலே வைத்துப் பாருங்கள். கீற்றுக்கும் சட்டத்துக்கும் நடுவே எங்கும் வெளிச்சம் தெரியக் கூடாது. சலிப்பான வேலைதான். இரண்டு மூன்று மாலைகளை இதற்கே ஒதுக்குங்கள்.

இரண்டாவது, கீற்றுகளை ஒடுக்குவது. உங்கள் பலகைகள் உடைந்த காரணம் இங்கே இருக்கிறது. மரக்கீற்று தட்டையான முகத்தில் நன்றாக வளையும், விளிம்புவாக்கில் வளையாது. முழு அகலத்தோடு அதை அணியத்துக்குக் கொண்டுபோனால் ஒன்று மேலே ஏறும், இல்லையென்றால் முறியும். குடைப் பாவாடைக்குத் துணி வெட்டும் தையற்காரர் ஒவ்வொரு துண்டையும் இடுப்புப் பக்கம் ஒடுக்குவாரே, அதே கணக்குதான். நடுச்சட்டத்தின் விளிம்பை மேல்தளத்திலிருந்து ஏரா (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) வரை ஒரு காகிதக் கீற்றால் அளந்து பாருங்கள். 90 மி.மீ. வருகிறது, கீற்றின் அகலம் 5 மி.மீ. என்றால் 18 கீற்றுகள் வேண்டும். அதே 18-ம் அணியத்தருகே 54 மி.மீ. இடத்தில் அடங்க வேண்டும். ஆகவே அங்கே ஒவ்வொன்றும் 3 மி.மீ. அகலம்தான் இருக்கலாம். இரும்பு ஸ்கேலை வைத்துப் புது பிளேடால் சீவுங்கள், அல்லது சின்ன இழைப்புளியால் இழையுங்கள். பாதி அகலத்துக்கும் கீழே ஒடுக்க வேண்டிவந்தால், ஒரு வரிசையை அந்த இடத்தோடு நிறுத்திவிடுவது நல்லது.

வளைப்பதற்கு, வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் மெல்லிய கீற்று இணங்கிவரும். ஈரத்தோடு ஒட்டிவிடாதீர்கள். ஈர மரம் உப்பியிருக்கும், காயும்போது சுருங்கி இடைவெளி விடும். துணி கிளிப்பும் ரப்பர் பேண்டும் போட்டு உடலிலேயே பிடித்து இரவு முழுவதும் காயவிட்டு, மறுநாள் ஃபெவிகால் தடவுங்கள். நம் கடலோரக் காற்றில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், ஒரு நாள் கூடுதலாகவே காயட்டும். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் ஏரா முறுக்கிக்கொள்ளும், பிறகு அதை நிமிர்த்த முடியாது.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாக ஒன்று சொல்கிறேன். இந்தக் கப்பலைச் சில மாதங்களுக்குப் பரண்மேல் வைத்துவிடுங்கள். 1783 ஜூன் 20 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் 15 போர்க்கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் 18 போர்க்கப்பல்களும் உங்கள் ஊருக்கு எதிரே மோதியதைப் படித்தால் யாருக்கும் அப்படியொரு கப்பலைச் செய்யத்தான் தோன்றும். ஆனால் 74 பீரங்கிகள், மூன்று பாய்மரங்கள், நூற்றுக்கணக்கான கயிறுகள் என்று அது வருடக்கணக்கான வேலை. முதலில் ஒற்றைப் பாய்மரமும் ஒரு சாண் நீளமும் உள்ள மீன்பிடிப் படகு ஒன்றைச் செய்து முடியுங்கள். பலகை வேலையின் எல்லாப் பாடமும் அதில் இருக்கிறது. முடித்த படகு ஒன்று அலமாரியில் நின்றால் பெரிய கப்பலுக்குத் திரும்பும் தெம்பும் வரும்.

அதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதுநகர் துறைமுகப் பக்கம் போய்வாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிவிட்டாலும், கரையேற்றிய மரப்படகு ஏதாவது இருந்தால் அணியத்தில் பலகைகள் எப்படி ஒடுங்கிச் சேர்கின்றன என்று கிட்ட நின்று பாருங்கள். அங்கே வேலை செய்யும் ஆசாரியிடம் தயங்காமல் கேளுங்கள். வீட்டில் ஆசாரி வேலை என்று சொன்னார்களே, அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பரணிலிருந்து கப்பலை இறக்கும் நாளில், கோணலாக ஒட்டிய கீற்றுகளின்மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சை வையுங்கள். ஃபெவிகால் பசை இளகிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அருகே நெருப்பு கூடாது. விளக்கத்தாளையும் ஒருமுறை பாருங்கள். இரண்டு அடுக்குப் பலகை என்று போட்டிருந்தால், இப்போது தெரியும் சிறு இடைவெளிகளை மரப்பட்டி (வுட் புட்டி) வைத்து அடைத்துத் தேய்த்தால் போதும், மேலடுக்கு மூடிவிடும்.

உடைந்த மூன்று கீற்றுகளையும் எறிந்துவிடாதீர்கள். அசல் கப்பல்களிலும் முன்னிருந்து பின்வரை ஒரே பலகை ஓடியதில்லை, துண்டு துண்டாகத்தான் சேர்த்தார்கள். முறிந்த முனையைச் சதுரமாக வெட்டி, இணைப்பு ஒரு சட்டத்தின் நடுவில் விழும்படி ஒட்டுங்கள். அடுத்தடுத்த வரிசைகளின் இணைப்புகள் மட்டும் ஒரே சட்டத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.